இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் மங்கல், ஒழுகல், சத்தம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தோபாயோ_மாடிவீடு

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் தோபாயோ வீடு தீவு விரைவுச்சாலையைப் பார்த்து இருக்கிறது. லாரிச் சத்தத்துக்காகப் பழைய வீட்டுக்காரர் படுக்கையறைகளில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டு வைத்திருந்தார். பெரிய அறை ஜன்னலில் முதலில் காலை நேரத்தில் மட்டும் ஒரு மங்கல் தெரியும், வெயில் ஏறினால் மறைந்துவிடும். அப்புறம் மறைவதே நின்றுபோனது. உள்பக்கம் துடைத்தாலும் வெளிப்பக்கம் துடைத்தாலும் அது போகவில்லை, ஏனென்றால் ஈரம் இருப்பது இரண்டு கண்ணாடிக்கும் நடுவில்.

முதலில் வந்து பார்த்தவர் சட்டத்தோடு மொத்த ஜன்னலையும் மாற்றியாக வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார். அடுத்தவர் கண்ணாடியில் சின்னத் துளை போட்டு உள்ளே காயவைத்துத் தருகிறேன், மலிவாக முடிந்துவிடும் என்றார். மூன்றாவதாக வந்தவர்தான் சட்டம் நேராக இருக்கிறதா, பூட்டு பிடிக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சட்டத்தில் ஒரு குறையும் இல்லை, கண்ணாடி ஜோடியை மட்டும் மாற்றினால் போதும் என்று விளக்கினார். அவரிடம்தான் வேலையைக் கொடுத்தேன்.

அவர் பழைய ஜோடியைக் கழற்றிக் கீழே வைத்துக் காட்டியது எல்லாருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே நான்கு ஓரத்திலும் ஒரு அலுமினியப் பட்டை ஓடுகிறது. அதன் வயிற்றுக்குள் ஈரத்தை உறிஞ்சும் சின்னச் சின்ன மணிகள். பட்டையைச் சுற்றி இரண்டு அடுக்குப் பசை, உள்ளே இருப்பது பியூட்டைல், வெளியே பாலிசல்ஃபைடு அல்லது சிலிக்கோன். இந்தப் பசை ஒரு மூலையில் விட்டுப்போனால் வெளிக்காற்று மெல்ல மெல்ல உள்ளே போகும், அதோடு வரும் ஈரத்தை அந்த மணிகள் முடிந்தவரை குடிக்கும், அவை நிறைந்த பிறகுதான் நம் கண்ணுக்கு மங்கல் தெரியும். அதாவது நாம் பார்க்கும்போது கோளாறு ஏற்கெனவே பழசாகியிருக்கும். இன்னும் விட்டால் கண்ணாடியின் உள்முகத்தில் வெள்ளை வெள்ளையாகக் கறை படியும், அது எந்தத் திரவத்துக்கும் அசையாது, அந்த இடத்தை நம்மால் தொடவே முடியாதே.

துளை போடும் வைத்தியம் பற்றி நான் உறுதியாகச் சொல்வேன், வேண்டாம். டெம்பர்ட் கண்ணாடியில், அதாவது சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடியில், துளையே போட முடியாது, போட்ட நொடியில் மொத்தமும் பொடியாகும். சாதாரணக் கண்ணாடியாக இருந்தாலும், வெப்பத்தைத் தடுக்க நடுவில் ஆர்கான் வாயு நிரப்பியிருந்தால் அது போயிற்று. துளை வழியே காய்ந்த காற்று போய்வரும் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. நம் ஊரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டுக்கு மேல், அந்தக் காற்று உள்ளே போய் எதைக் காயவைக்கப் போகிறது?

இதைவிட முக்கியமானது பசை ஏன் விட்டது என்பது. சட்டத்தின் அடிப்பகுதியில் மழைநீர் வெளியேற சின்ன வடிகால் துளைகள் இருக்கின்றன. எங்கள் ஜன்னலில் அவை மண்ணும் செத்த எறும்பும் சேர்ந்து அடைத்துக் கிடந்தன. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊரில், கண்ணாடியின் அடி ஓரம் தேங்கின தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தால் எந்தப் பசைதான் தாங்கும்? அந்தத் துளைகளைச் சுத்தம் செய்து, கண்ணாடி தண்ணீரில் படாதபடி அடியில் சின்ன ரப்பர் கட்டைகள் வைத்து, அப்புறம்தான் புதிய ஜோடியை ஏற்றினார். துளையைக் கவனிக்காமல் கண்ணாடியை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் அதே வழியில்தான் போயிருக்கும்.

மற்றவர்கள் வீட்டில் எப்படி?

பொங்கோல்_அக்கா

தம்பி, நல்ல விளக்கம். ஆனால் மங்கலைப் பார்த்ததும் எல்லாரும் பசை போய்விட்டது என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன். முதலில் விரலால் இரண்டு பக்கமும் துடைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் விரல் பட்ட இடத்தில் கோடு விழுந்தால் ஜன்னலில் கோளாறு எதுவும் இல்லை.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஏர்கானை 20 டிகிரியில் வைத்துத் தூங்குவார்கள். வெளியே இரவில் 25, 26 டிகிரி, காற்று முழுக்க ஈரம். காப்பிக்கடையில் ஐஸ் போட்ட மைலோ டம்ளர் வெளியே வியர்ப்பது மாதிரிதான் இந்தக் கண்ணாடியும் வெளிப்பக்கம் வியர்க்கிறது. இணையத்தில் தேடினால் வீட்டைச் சூடாக்குங்கள், ஜன்னலைத் திறந்து ஈரத்தை வெளியே விடுங்கள் என்று வரும். அதெல்லாம் பனி பெய்கிற நாட்டுக்காரர்களுக்கு, அவர்களுக்கு ஈரம் வீட்டுக்குள் இருக்கிறது, நமக்கோ வெளியே இருக்கிறது. இங்கே ஏர்கான் ஓடிய அறையில் காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்தால் அந்த ஈரக்காற்று நேராகக் குளிர்ந்த அலுமினியச் சட்டத்தில் வந்து படியும், தினமும் இப்படி நனைந்தால் ரப்பர் ஓரத்தில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும்.

நான் செய்வது இதுதான்: ஏர்கானை 25க்கு ஏற்றி மின்விசிறியைச் சேர்த்துப் போடச் சொல்கிறேன், காலையில் ஏர்கானை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலைத் திறக்கிறேன், சட்டத்தை உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. பூஞ்சை வருவது நின்றேவிட்டது. இரட்டைக் கண்ணாடியில் நடுப்பகுதி தெளிவாக இருந்து ஓரத்தில் மட்டும் விரலகலத்துக்கு வியர்த்தால் அதற்கும் பயப்பட வேண்டாம், அந்த அலுமினியப் பட்டை வழியாகக் குளிர் வெளிக்கண்ணாடிக்குப் போவதால் வருவது.

ஈசூன்காரன்

வடிகால் துளை பற்றி அண்ணன் சொன்னதற்கு ஒரு சாட்சி நான். எங்கள் வீட்டில் மழைக்கு ஜன்னலடியில் தண்ணீர் கசிகிறது என்று ஆளைக் கூப்பிட்டோம். வந்தவர் வெளிப்பக்கத் துளைகளைப் பார்த்து, தண்ணீர் இங்கேதான் உள்ளே வருகிறது என்று சொல்லி எல்லாவற்றையும் சிலிக்கோன் வைத்து அடைத்துவிட்டுப் போனார்! அடுத்த பெருமழையில் சட்டம் நிரம்பி உள்பக்கமாக வழிந்து கட்டில் வரை நனைந்தது. வேறு ஒருவர் வந்து சுரண்டி எடுத்தார், கசிவு அன்றோடு சரியானது. அந்தத் துளை தண்ணீர் வெளியே போவதற்கு, அதை யாரையும் அடைக்க விடாதீர்கள்.

அவர் சொன்ன இன்னொன்று: சிலிக்கோன் வாங்கும்போது புளிக்காடி வாசம் அடிக்கிற வகை வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் இரட்டைக் கண்ணாடியின் ஓரப் பசையையும் லாமினேட்டட் கண்ணாடிக்குள் (இரண்டு கண்ணாடியை நடுவில் படலம் வைத்து ஒட்டியது) இருக்கும் படலத்தையும் கெடுக்கும். நியூட்ரல், அதாவது அமிலம் விடாத வகை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஹவ்காங்_அப்பா

நான் சத்தத்தைப் பற்றிப் பேசுகிறேன். பாய லேபார் ஆகாயப்படைத் தளம் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, போர் விமானம் மேலே போனால் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். 2030 முதல் தளத்தை இடம் மாற்றப்போவதாக அரசு 2013லேயே அறிவித்துவிட்டது, ஆனால் என் மகள் தேர்வுக்குப் படிப்பது இப்போது. அதனால் நிறையப் படித்து, பலரிடம் கேட்டுத்தான் செய்தேன்.

இரட்டைக் கண்ணாடி என்றாலே சத்தம் நின்றுவிடும் என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். 6 மில்லிமீட்டர் கண்ணாடி, 12 மில்லிமீட்டர் இடைவெளி, மறுபடி 6 மில்லிமீட்டர் கண்ணாடி என்கிற வழக்கமான அமைப்பு வெப்பத்துக்கு நல்லது. லாரியின் அடித்தொண்டை உறுமலுக்கு அது பெரிதாக எதுவும் செய்யாது, இரண்டும் ஒரே கனம் என்பதால் ஒரே சுருதியில் சேர்ந்து அதிரும். ஒன்று தடிப்பு, ஒன்று மெல்லிசு என்று வைத்து, அதில் ஒன்றை லாமினேட்டட் ஆக்கினால் வித்தியாசம் காதிலேயே தெரியும். இடம் இருந்தால், இருக்கிற ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு உள்பக்கம் ஒரு சாண் தள்ளி இரண்டாவது ஜன்னல் போடுவது அதைவிடச் சிறந்தது, இடைவெளி அகலமாக அகலமாகத் தாழ்ந்த சத்தம் குறையும்.

ஏற்கெனவே போட்டவர்கள் புதிதாகச் செலவு செய்வதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு தாளை ஜன்னல் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்து ஜன்னலைப் பூட்டி, தாளை இழுங்கள். சுலபமாக உருவி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பட்டை அழுத்தவில்லை என்று அர்த்தம், காற்று போகிற இடத்தில் சத்தமும் போகும். நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள். வெயிலில் கெட்டியாகிச் சுருங்கிய ரப்பரை மாற்றுவது சின்ன வேலை. பல கைப்பிடிப் பூட்டுகளில் ஓரத்தில் இருக்கும் சின்ன உருளைகளைத் திருப்பினால் கதவு இன்னும் இறுகும், அதற்குக் காசே ஆகாது. தள்ளு ஜன்னல் வைத்திருப்பவர்கள் ஒன்றை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும், அது நகர வேண்டுமென்றால் இடைவெளி இருந்தே தீரும், திறந்து மூடும் கதவு ஜன்னல் அளவுக்கு அது ஒருபோதும் அடைக்காது.

அப்புறம், எங்கள் வீட்டில் எல்லாம் முடிந்த பிறகும் ஒரு மூலையிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால் ஏர்கான் குழாய் வெளியே போகிற ஓட்டை, மேலே ஒரு பூச்சு மட்டும் பூசி உள்ளே வெறுமையாக இருந்தது. அதைக் கல்கம்பளி (ராக்வுல்) திணித்து அடைத்த பிறகுதான் மகள் அறை அமைதியானது.

சுவாசூகாங்_மேற்குவெயில்

எங்கள் வரவேற்பறை மேற்கே பார்த்தது, பின்னேரம் உட்கார முடியாது. இரட்டைக் கண்ணாடி போட்டும் சூடு தாங்காததால் மேலே கறுப்புப் படலம் ஒட்ட ஏற்பாடு செய்தோம், விற்றவர் எந்தக் கண்ணாடி என்று கேட்கவே இல்லை. கொஞ்ச நாளில் உள்கண்ணாடியில் விரிசல். ஓரத்திலிருந்து நேராகக் கிளம்பி அப்புறம் வளைந்து வளைந்து ஓடியிருந்தது. கல் பட்டதல்ல, வெப்ப விரிசல் என்று பிறகு கண்ணாடிக்காரர் சொன்னார்: படலம் வெயிலை உறிஞ்சி நடுப்பகுதியைக் கொதிக்க வைக்கிறது, ஓரம் சட்டத்துக்குள் நிழலில் குளிர்ச்சியாக இருக்கிறது, அந்த இழுப்பில் சாதாரணக் கண்ணாடி பிளக்கும். இரட்டையில் உள்ளே சேர்ந்த சூடு வெளியேறவும் வழி குறைவு.

மாற்றும்போது படலத்தை விட்டுவிட்டு, வெயிலைத் திருப்பி அனுப்பும் பூச்சு உள்ள கண்ணாடியாகக் கேட்டோம். அந்தப் பூச்சு வெளிக்கண்ணாடியின் உள்முகத்தில், அதாவது இடைவெளியைப் பார்த்த பக்கத்தில் இருக்க வேண்டும், சூடு உள்ளே வருவதற்கு முன்பே தடுக்கப்படும். ஜோடியைத் திருப்பி மாட்டிவிட்டால் பயன் குறைந்துவிடும், ஆகவே மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

புதுசா_வீடு_வாங்கியவன்

அக்கா, அண்ணாமார்களே, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கண்ணாடியை மாற்ற அனுமதி எடுக்கணுமா?

தோபாயோ_மாடிவீடு

தம்பி, ஜன்னல் வேலை எதுவானாலும் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பட்டியலில் உள்ள ஜன்னல் ஒப்பந்தக்காரரைத்தான் கூப்பிட வேண்டும், அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். எந்த வகை ஜன்னலுக்கு முன் அனுமதி வேண்டும் என்பது வீவக இணையத்தளத்தில் இருக்கிறது, வேலை தொடங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

பிடோக்_பழைய_ஆள்

இதுவரை யாரும் எடை பற்றிச் சொல்லவில்லை, அது எனக்குக் கவலையாக இருக்கிறது. கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ. 6 மில்லிமீட்டர் இரண்டு என்றால் சதுர மீட்டருக்கு 30 கிலோ. 60 சென்டிமீட்டர் அகலம், 120 உயரம் உள்ள சாதாரணக் கதவில் கண்ணாடி மட்டும் 21 கிலோவைத் தாண்டும், சட்டத்தின் எடை தனி. ஒற்றைக் கண்ணாடிக்குப் போட்ட பழைய கீல்களில் இதை மாட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நான் கட்டுமான வேலையில் பல காலம் இருந்தவன், மேலிருந்து விழும் பொருள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

அறிகுறி சுலபம். மூடும்போது கீழ் மூலை சட்டத்தில் உரசும், கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினால்தான் பூட்டு விழும். பலர் அதற்கு எண்ணெய் விட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். கதவு தொங்க ஆரம்பித்துவிட்டால் அதைத் திறக்கவே கூடாது, மூடிப் பூட்டிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். எடைக்கு ஏற்ற கீல் எது என்று அவரிடம் கேட்டு அதைத்தான் போடச் சொல்லுங்கள். பழைய கதவு ஜன்னல்களில் கீலைப் பிணைக்கும் அலுமினிய ரிவெட்டுகளை (தட்டி இறுக்கும் ஆணிகளை) எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டு போட வேண்டும் என்பது 2004 முதல் சட்டம், மாற்றாவிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பராமரிப்பு இல்லாமல் ஜன்னல் விழுந்தால் அபராதம் 10,000 வெள்ளி வரை, சிறை ஓராண்டு வரை போகலாம். அபராதம் கிடக்கட்டும், கீழே நடைபாதையில் பிள்ளைகள் போகிறார்கள்.

தம்பி, புதிதாக வீடு வாங்கியவன் என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, வீடு உங்களுக்குப் புதிது என்றாலும் முன்னாள் உரிமையாளர் மாட்டிய ஜன்னலாக இருந்தால் எப்போது, யார் மாட்டினார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீலில் திருகு தளர்ந்திருக்கிறதா, ரிவெட்டு கறுத்திருக்கிறதா என்று உள்ளே நின்றபடியே பாருங்கள், வெளியே எட்டிப் பார்க்க வேண்டாம். சந்தேகமாக இருந்தால் இங்கே படம் போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.