பொதிகைல இருந்து புன்னக்காயல் வரைக்கும்: போன இடத்துல உங்க மனச விட்டுப் போகாத ஒரு ஆள், ஒரு நேரம் சொல்லுங்க

கோவை_ரவுண்டு

போன வருஷம் சித்திரைல பைக்க எடுத்துட்டு நாலு நாள் சுத்துனேன். பாபநாசத்துல ஆரம்பிச்சு தாமிரபரணி எப்படி போகுதோ அப்படியே போயி புன்னக்காயல்ல கடல்ல கலக்குற எடத்துல முடிக்கணும்னு பிளான். ஆறு மொத்தமே 128 கிலோமீட்டர்தான், ஆனா முதல் நாள் அகத்தியர் அருவில நடுங்க நடுங்க குளிச்சவன், மறுநாள் சேரன்மகாதேவி வாழைத்தோப்பு, அதுக்கு மறுநாள் செக்கச்செவேல்னு தேரி மண்ணு, அதாவது செம்மணல் மேடு. கண்ணே நம்பல.

சொல்ல வந்தது தேரிக்காட்டு விஷயம். சாத்தான்குளம் தாண்டி குதிரைமொழித் தேரி பக்கம் ஒரு மண் ரோட்டுல ஒரு விடிலி, பதனி காய்ச்சுற ஓலைக் குடிசை. உள்ள ஒரு அம்மா பதனி காய்ச்சிட்டு இருந்தாங்க. நான் வண்டிய நிறுத்துனதும் "வாங்க தம்பி, வெயில்ல வந்திருக்கிய"ன்னு ஒரு பனையோலைப் பட்டைய மடிச்சு பதனி ஊத்திக் குடுத்துட்டு திரும்ப அடுப்புக்கு போயிட்டாங்க. பதனி பொங்கி வருது, வழியப் போகுதுன்னு நான் பதறுறேன், அவங்க நாலு ஆமணக்கு முத்த நசுக்கி உள்ள போட்டாங்க, அவ்ளோதான், அப்படியே அமுங்கிருச்சு.

வீட்டுக்காரர் பக்கத்துப் பனையில இருந்தாரு. அந்த அம்மா சொன்னாங்க, "இவுகளுக்கு அறுவத்தி மூணு ஆவுது. அடுத்த வருசம் ஏற வேண்டாம்னு பிள்ளைக சொல்லுது. பனை மேல இருக்கத ஒரு போட்டா கூட எடுத்து வைக்கல தம்பி. கல்யாணத்துக்கு எடுத்தது, பொறவு ஆதார் அட்டைக்கு எடுத்தது, அம்புட்டுதான்."

எடுத்தேன். பாளைய சீவிட்டு அரிவாள இடுப்புப் பெட்டில சொருகிட்டு ஒரு கைல மட்டைய புடிச்சுகிட்டு கீழ பாக்குறாரு, பின்னாடி வெறும் வானம். நான் எடுத்ததுலயே நல்ல படம் அதுதான். அவங்ககிட்ட பட்டன் போன், அதனால பிரிண்ட் போட்டு அனுப்புறேன்னு சொல்லி, சில்லுக்கருப்பட்டி வாங்குன ஓலைக் கொட்டான சுத்தியிருந்த பேப்பர்லயே அட்ரஸையும் நம்பரையும் எழுதிக்கிட்டேன். திருச்செந்தூர் லாட்ஜ்ல கருப்பட்டிய டப்பாவுல மாத்திட்டு அந்த பேப்பர குப்பைல போட்டுட்டேன். ஊருக்கு வந்துதான் தெரிஞ்சுது. ஒன்றரை வருஷம் ஆச்சு. படம் போன்லயே இருக்கு.

ரயில்பெட்டி

எனக்கும் பேர் தெரியாத ஒருத்தங்கதான்.

2023 டிசம்பர் 17. திருச்செந்தூர்ல சாமி கும்பிட்டுட்டு நைட்டு சென்னை ரயில்ல ஏறுனோம், நான், என் மனைவி, ரெண்டு வயசுப் பொண்ணு. ஸ்ரீவைகுண்டத்துல நிறுத்திட்டாங்க. அன்னிக்கு மழை எப்படின்னு இங்க யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல, காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 செ.மீ. முன்னாடி தண்டவாளத்துக்கு அடியில ஜல்லி எல்லாம் அடிச்சுட்டு போயி கம்பி அந்தரத்துல தொங்குதுன்னு விடிஞ்சப்புறம்தான் தெரியும். ரயில்ல ஏறக்குறைய 800 பேர். கொஞ்சம் பேர பக்கத்துல ஸ்கூலுக்கு கூட்டிட்டு போனாங்க, மத்தவங்க வண்டிலயும் ஸ்டேஷன்லயும். சுத்தி கடல் மாதிரி தண்ணி, கரண்ட் இல்ல, போன் இல்ல.

சாப்பாடு போட்டது பக்கத்துல புதுக்குடி ஊர்க்காரங்க. கோயில்ல சமைச்சு தூக்கிட்டு வந்தாங்க. அதுல ஒரு அக்கா வாளில சாதம் கொண்டு வந்தவங்க, என் பொண்ணு அழுறத பாத்துட்டு "பாலுக்கு அழுதா?"ன்னு மட்டும் கேட்டாங்க, திரும்பி தண்ணிக்குள்ள இறங்கி போனாங்க, ஒரு மணி நேரம் இருக்கும், சொம்புல பால், மேல ஈயத்தட்டு மூடி, தலைல வச்சு புடிச்சுட்டு வர்றாங்க. சேலை முழுக்க சேறு. உங்க வீடு எப்படிக்கா இருக்குன்னு கேட்டேன். "அது கெடக்கு, பிள்ளைக்கு மொதல்ல குடுங்க"ன்னாங்க. அந்த "அது கெடக்கு" தான் இன்னும் காதுல இருக்கு. வீடு இருந்துச்சா இல்லையான்னே நான் கேட்டுக்கல.

பார்டர்_பிரியன்

எல்லாரும் கண்ணு கலங்க வைக்கிறீங்க. நான் குத்தாலம் சீசனுக்கு போறவன், வருஷா வருஷம் ஆடி மாசம் ஐந்தருவி குளியல், முடிச்சுட்டு நேரா செங்கோட்டை பக்கம் பிரானூர் பார்டர், சின்ன சின்னதா மொறுமொறுன்னு பரோட்டா, நாட்டுக்கோழி. திரும்பி வரும்போது அல்வா. நெல்லைச் சாப்பாடுன்னா அதுதான், சைவத்துல பெருசா ஒண்ணும் கிடையாது.

மறக்க முடியாத ஆள்னா அருவிக்கு பக்கத்துல எண்ணெ தேய்ச்சு விடுற ஒரு பெரியவர். முதுகுல கை வச்சதுமே "இடது தோள்பட்டைல பழைய அடி இருக்கே"ன்னாரு. பதினொரு வருஷத்துக்கு முந்தி வண்டில விழுந்தது. டாக்டர்கிட்ட கூட நான் சொன்னதில்ல.

செந்தேரிக்காரன்

@கோவை_ரவுண்டு நான் அந்த பக்கத்து ஊர்க்காரன். நீங்க எழுதல, ஆனா நெறைய பேரு தேரிய பாலைவனம்னு எழுதுறாங்க, அது பாலைவனம் இல்ல. காத்து குவிச்ச கடலோர மணல், இரும்புச்சத்து துருப்பிடிச்சுதான் அந்த செவப்பு. அடியில தண்ணி இருக்கு. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கு போயி பாருங்க, சுத்தி மணலு, நடுவுல சுனை. எங்க தாத்தா சின்னப்பிள்ளைல என்னைய அங்க கூட்டிட்டு போயி சுனைத்தண்ணிய கைல அள்ளிக் குடுத்து "இது இனிக்குதா சொல்லு"ன்னாரு. இனிச்சுது. கடல் எட்டுற தூரத்துல இருக்கும்போது இது எப்படி இனிக்குதுன்னு அன்னிக்கு ராத்திரி பூரா தூங்கல. எனக்கு அதுதான் சம்பவம்.

இனி வர்றவங்களுக்கு சில விஷயம் சொல்லிடுறேன். பைக்க மணலுக்குள்ள எறக்காதீங்க, டயர் பதிஞ்சா ஒங்களால எடுக்க முடியாது, முந்திரிக் கன்னு வேரும் அறுந்து போகும். காலைல ஏழு மணிக்குள்ள வாங்க, பத்து மணிக்கு மேல மண்ணுல கால் வைக்க ஏலாது. மணல் மேடு காத்துக்கு எடம் மாறும், வந்த தடம் சாயங்காலம் இருக்காது, அதனால பனைய அடையாளம் வச்சுக்கோங்க. பதனி தை கடைசில இருந்து ஆனி வரைக்கும்தான், ஐப்பசில வந்துட்டு எங்க பதனின்னு கேக்காதீங்க. கலயத்துல சுண்ணாம்பு தடவுனாதான் பதனி, தடவலேன்னா புளிச்சு கள்ளாயிரும், கள்ளு எறக்க நம்ம ஊர்ல தடை, ஆனா டூர் வர்றவங்க பனையேறிகிட்ட போயி காதுக்குள்ள கேக்குறாங்க, அந்த மனுசனுக்கு எவ்ளோ சங்கடம். கருப்பட்டி வாங்குறப்ப ஒண்ண உடைச்சுப் பாருங்க, உள்ள சீனி மாதிரி மினுங்குனா வச்சுட்டு வந்துருங்க, நல்ல கருப்பட்டி மங்கலா கருப்பாதான் இருக்கும், சிரட்டைல ஊத்துன வடிவம் அடியில தெரியும். 2023ல உடன்குடி கருப்பட்டிக்கு புவிசார் குறியீடு கெடைச்சப்புறம் அந்த பேர போட்டு எங்கெங்கயோ விக்கிறாங்க. வெலை பேசாதீங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஒவ்வொரு பனையும் ஏறி எறங்கணும், அந்த வெறகு, அந்த அனல், அதுக்கு நீங்க குடுக்கிறது ஒண்ணுமே இல்ல.

மறுவீட்டு_மாப்ள

@பார்டர்_பிரியன் சைவத்துல ஒண்ணும் இல்லையா?? நீங்க சொதி சாப்பிட்டதே இல்லன்னு தெரியுது.

நான் தஞ்சாவூர்க்காரன். பாளையங்கோட்டைல பொண்ணு எடுத்தேன். கல்யாணத்துக்கு மறுநாள் பொண்ணு வீட்டுல சொதிச் சாப்பாடு. எங்கப்பாவுக்கு எங்க ஊர்ச் சமையல விட்டா வேற எறங்காது, என்ன சொல்லப் போறாரோன்னு எனக்கு பயம். மாமியார் வீட்டுல மூணு தேங்காப்பால் தனித்தனியா எடுத்து வச்சிருந்தாங்க. மூணாம் பால்ல காய் வேகுது, பாசிப்பருப்பு, இஞ்சி, பச்சமொளகா, ரெண்டாம் பாலு, எறக்குறப்ப கெட்டிப்பாலு, ஆறுனதும் எலுமிச்சம்பழம். பக்கத்துல இஞ்சித் துவையல், உருளைக்கெழங்கு சிப்ஸ். எங்கப்பா முதல் வாய் வச்சாரு, ஒண்ணும் பேசல. ரெண்டாவது தடவ சொதி ஊத்தச் சொன்னாரு. மூணாவது தடவையும். எந்திரிச்சு கை கழுவப் போனவர் நேரா அடுப்படி வாசல்ல போயி நின்னு "தங்கச்சி, நல்லா இருந்துச்சும்மா"ன்னாரு. எங்கம்மாகிட்ட அந்த வார்த்தைய அவர் சொல்லி நான் கேட்டதில்ல. எங்கம்மா அப்ப பந்தியிலதான் இருந்தாங்க, எலையவே பாத்துட்டு இருந்தாங்க. அப்பா இப்ப இல்ல. சொதி வைக்கிறப்பல்லாம் எனக்கு ஞாபகம் வர்றது எங்கம்மா எலைய பாத்த அந்த பார்வைதான்.

பார்டர்_பிரியன்

@மறுவீட்டு_மாப்ள மன்னிச்சுருங்க, சொதி வெளில ஓட்டல்ல அவ்வளவா கெடைக்காது, அதான் தெரியல. ஆனாலும் ஊர் சுத்த வர்றவன் கல்யாண வீட்டுக்குள்ள எப்படிங்க போவான்.

நாலுமுக்கு_மழை

2019ல மாஞ்சோலை. பெர்மிஷன் வாங்கிட்டு கல்லிடைக்குறிச்சில இருந்து பஸ், மணிமுத்தாறு டேம் தாண்டுனதும் ஏத்தம். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து. நாலுமுக்குல எறங்குனா மழை, சாரல் இல்ல, கொட்டுது. தேயிலை பறிச்சுட்டு வந்த ஒரு பாட்டி லைன் வீட்டுத் திண்ணைல ஒதுங்கச் சொல்லி கட்டஞ்சாயா குடுத்தாங்க. சும்மா பேச்சுக்கு "சொந்த ஊரு எது பாட்டி"ன்னு கேட்டுட்டேன். என்னையே பாத்தாங்க. "இதான்"னாங்க. அவங்க அப்பா அம்மா காலத்துலயே மேல வந்துட்டாங்களாம், எஸ்டேட் குத்தகை 1929ல இருந்து 99 வருஷம், அவங்க பொறந்தது வாழ்க்கப்பட்டது எல்லாம் அந்த மழைக்குள்ளதான்.

2024ல வேலைய நிறுத்தி எல்லாரையும் கீழ எறங்கச் சொன்னாங்கன்னு நியூஸ்ல பாத்தேன். காடு திரும்ப காடாகட்டும்னு சொல்றவங்க பேச்சும் எனக்கு புரியுது, அது புலி இருக்குற காடு, தாமிரபரணிக்கு தண்ணி குடுக்குற மலை. ஆனா அந்த பாட்டிகிட்ட இப்ப யாராவது சொந்த ஊரு எதுன்னு கேட்டா என்ன சொல்லுவாங்க?

கூழைக்கடா

சின்னதா ஒண்ணு. கூந்தன்குளம், நாங்குநேரி பக்கம். பங்குனில போனேன். ஊருக்குள்ள வீட்டு வாசல் மரத்துலயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டியிருக்கு, திண்ணைல எல்லாம் எச்சம், ஒருத்தரும் முகம் சுளிக்கல. அன்னிக்கு ஒரு கல்யாணம், மாப்பிள்ள ஊர்வலம் வருது, நான் பழக்கத்துல காத பொத்திக்கிட்டேன். பக்கத்துல நின்ன பொடியன் "எங்க ஊர்ல வெடி போடமாட்டோம் சார், குஞ்சு பயந்து கீழ விழுந்துரும்"னான். அவன் கைல ஒரு டப்பா, உள்ள சின்ன மீனு. நேத்து விழுந்த குஞ்சு ஒண்ணு அவங்க வீட்டு கொல்லைல இருக்காம். அது வாயத் தொறக்குது, இவன் போடுறான். ஆறாங்கிளாஸ் பையன்.

கோவை_ரவுண்டு

எல்லாத்தையும் படிச்சேன். @ரயில்பெட்டி அந்த சொம்புப் பால் விஷயத்த வீட்டுல சத்தமா படிச்சு காமிச்சேன்.

நேத்து பிரிண்ட் போட்டாச்சு, பெருசா ஒண்ணு ஃபிரேம் போட்டு, சின்னதா நாலு. கூரியர்ல அனுப்ப அட்ரஸும் இல்ல, மனசும் இல்ல. வர்ற சனிக்கிழமை கெளம்புறேன். @செந்தேரிக்காரன் நீங்க சொன்னத பாத்தப்புறம்தான் ஒறைக்குது, இது ஐப்பசி, விடிலியே பிரிச்சிருப்பாங்கல்ல?

செந்தேரிக்காரன்

ஓலை பிரிச்சிருப்பாக. அடுப்புக் கல்லு அங்கனயே கெடக்கும். அந்தப் படத்த எனக்கு தனியா அனுப்புங்க, எங்க மாமாகிட்ட காமிக்கேன், பனைய பாத்தே எந்தத் தோட்டம்னு சொல்லிருவாரு. காயாமொழி வந்ததும் போன் போடுங்க, நான் வந்து கூட்டிட்டு போறேன். வெறுங்கைய வீசிட்டு போக வேண்டாம், நேந்திரம் சிப்ஸ் உங்க ஊர்ல நல்லாருக்கும்லா, அத வாங்கிட்டு வாங்க.