ஸ்ரெப்ரெனிட்சா: உடல்களை இடம் மாற்றிப் புதைத்த பிறகும் குற்றம் நிரூபணமானது எப்படி?

நெடுஞ்சேரன் (கேள்வி)

ஸ்ரெப்ரெனிட்சா தீர்ப்புகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1995 ஜூலை 11-ல் கிழக்கு பொஸ்னியாவின் அந்த நகரம் பொஸ்னிய செர்பியப் படையிடம் விழுகிறது. அடுத்த சில நாட்களில் ஏழெட்டாயிரம் முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்படுகிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் பொஸ்னிய செர்பியப் படை அந்தப் புதைகுழிகளை மறுபடி தோண்டி, உடல்களை லாரிகளில் ஏற்றி வேறு இடங்களில் புதைக்கிறது. அப்படியானால் எந்த உடல் எந்தக் கொலைக்களத்திலிருந்து வந்தது என்று ஹேக் தீர்ப்பாயத்தில் (முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம்) எப்படிக் காட்டினார்கள்? ‘இவர்கள் காட்டு வழியே பொஸ்னிய அரசின் வசமிருந்த டுஸ்லாவுக்குத் தப்பிப் போகும்போது சண்டையில் செத்தவர்கள்’ என்ற எதிர்த்தரப்பு வாதம் ஏன் எடுபடவில்லை? 1992-ல் வடமேற்கு பொஸ்னியாவின் பிரியெடோரில் நடந்த கொலைகளுக்கு ஏன் இனப்படுகொலைத் தீர்ப்பு வரவில்லை?

தடயக்குறிப்பு

முதல் கேள்விக்கு: ஜேசிபி வாளி உடலை மட்டும் அள்ளாது, அந்த இடத்து மண்ணையும் குப்பையையும் சேர்த்துத்தான் அள்ளும். விசாரணையாளர்கள் பிடித்த நூல் இதுதான். கோஸ்லுக்கில் ஆட்களைச் சுட்ட இடத்தில் பக்கத்து விட்டிங்கா பாட்டில் தொழிற்சாலையின் உடைந்த பச்சைக் கண்ணாடியும் லேபிள்களும் கொட்டிக் கிடந்தன. தொலைவில் சான்சாரி சாலையோரம் இருந்த 3-ஆம் எண் குழியைத் தோண்டியபோது, எலும்புகளுக்கு நடுவே அதே பச்சைக் கண்ணாடி, அதே லேபிள். அந்த மலைச் சாலையில் அவை இருக்க வேறு காரணமே இல்லை. கிராவிட்சா கிடங்கில் கொல்லப்பட்டவர்களோடு சுவர்ப் பூச்சும் கான்கிரீட் துண்டுகளும் க்ளோகோவா குழிக்குப் போய், அங்கிருந்து ஸெலெனி யாடார் குழிக்கும் போயிருக்கின்றன. ஒராஹொவாட்ஸ் அருகே பள்ளிக்கூடத்தில் அடைத்து வைத்தவர்களின் கண்களைக் கட்டிய துணி, ஹோஜிச்சி சாலைக் குழிகளிலும் கிடைத்தது. இவற்றுக்கு மேல் மண், மகரந்தப் பரிசோதனை, தோட்டா உறைகளில் பதிந்த தடங்களின் ஒப்பீடு.

தேதியை நிறுவியது வான்வழிப் படங்கள். ஒரே நிலத்தை வெவ்வேறு நாளில் எடுத்த படங்களை அடுத்தடுத்து வைத்தால், எப்போது மண் கிளறப்பட்டது, எப்போது இரண்டாம் முறை கிளறப்பட்டது என்று தெரியும். 1995 ஆகஸ்ட் 10-ல் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் மெடலின் ஆல்பிரைட் பாதுகாப்புச் சபையில் காட்டியது இத்தகைய படங்களைத்தான்.

சண்டையில் செத்தவர்கள் என்ற வாதத்துக்குப் பதில் குழிகளிலேயே இருந்தது. பொஸ்னிய செர்பியப் படை ஜெனரல் கிறிஸ்டிச் மீதான தீர்ப்பின் கணக்குப்படி 10 இடங்களில் குறைந்தது 448 கண்கட்டுகள், 13 இடங்களில் குறைந்தது 423 கைக்கட்டுகள். கண்ணையும் கையையும் கட்டிக்கொண்டு யாரும் போரிடுவதில்லை. கடுமையான உடல் குறைபாடு உள்ளவர்களும் இறந்தவர்களில் இருந்தார்கள். கைக்கடிகாரங்களையும் கவனியுங்கள். சிலர் கட்டியிருந்தவை கை அசைவிலேயே சாவி ஏறும் சீக்கோ ஆட்டோமேட்டிக். அசைவு நின்றால் 24 முதல் 48 மணி நேரத்தில் ஓட்டம் நின்றுவிடும். முகப்பில் கிழமையும் தேதியும் அப்படியே நிற்கும். அதை வைத்து இறந்த நாளைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள்.

தோண்டும்போது எங்கே தவறும்? அவசரப்பட்டு இயந்திரத்தால் அள்ளினால் மேலே சொன்ன அத்தனை தொடர்பும் அழிந்துவிடும். மேல்மண்ணை மட்டும் இயந்திரத்தால் நீக்கலாம், உடல் அடுக்கு தெரிந்தபின் கைக்கருவிதான். எடுப்பதற்கு முன்பே படமும் அளவும் எண்ணும் வேண்டும். எலும்பை எண்ணுவதிலும் எச்சரிக்கை தேவை. ஒரே ஆளின் வலத் தொடை எலும்பு ஒரு குழியிலும் மண்டை ஓடு இன்னொன்றிலும் இருக்கலாம். அதனால் குறிப்பிட்ட ஒரே வகை எலும்பை மட்டும் எண்ணி ‘குறைந்தபட்சம் இத்தனை பேர்’ என்றுதான் சொல்வார்கள். 2000 வரை தோண்டிய 21 குழிகளுக்கு அப்படிக் கிடைத்த எண் 2,028. மறுப்பாளர்கள் இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு ‘இவ்வளவுதான் செத்தார்கள்’ என்பார்கள். அது அதுவரை தோண்டிய குழிகளின் கீழ்வரம்பு, மொத்த எண்ணிக்கை அல்ல.

யாழினி_ஆய்வகம்

டிஎன்ஏ பக்கத்தைச் சேர்க்கிறேன். 1996-ல் தொடங்கிய காணாமல்போனோருக்கான சர்வதேச ஆணையம் வழக்கமான வரிசையையே மாற்றியது. முன்பெல்லாம் உடை, பல், உறவினர் நினைவு வழியே ஒருவரை ஊகித்து, பிறகு டிஎன்ஏவால் உறுதி செய்வார்கள். இங்கே உடல் துண்டு துண்டாகக் கிடைத்ததால் அது நடக்கவில்லை. அதனால் எல்லா உறவினர்களின் ரத்த மாதிரியையும் ஒரு தொகுப்பாக்கி, ஒவ்வொரு எலும்பு மாதிரியையும் அந்தத் தொகுப்பு முழுவதோடும் கணினியில் ஒப்பிட்டார்கள். முதல் பொருத்தம் 2001 நவம்பரில் வந்தது.

எலும்பில் கெட்டியான தொடை எலும்பும் பல்லும் முதல் தேர்வு. மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள், கையாண்டவரின் டிஎன்ஏ அங்கேதான் ஒட்டியிருக்கும். பிறகு பொடியாக்கிப் பிரித்தெடுப்பு. பொருத்தம் 99.95 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அறிக்கை வெளியே போகாது. அதற்கு ஒரே ஒரு உறவினர் போதாது. தாய் தந்தை இருவரும், அல்லது மனைவியோடு பிள்ளைகளும் என்றால் வலுவாக இருக்கும்.

பெரிய சிக்கல், பல வீடுகளில் அண்ணன் தம்பிகள் ஒன்றாகக் கொல்லப்பட்டது. பெற்றோரின் ரத்தம் ‘இவர்களின் மகன்’ என்று மட்டுமே சொல்லும், எந்த மகன் என்று சொல்லாது. பிள்ளைகள் இருந்தால் அவர்கள் மாதிரி தீர்த்துவைக்கும். மணமாகாத பையன்கள் என்றால் எலும்பின் வயதையும் உயரத்தையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

நெடுஞ்சேரன், உங்கள் முதல் கேள்விக்கும் இது உதவியது. ஒரே ஆளின் எலும்புகள் கொலைக்களமான பிரான்யெவோ பண்ணைக் குழியிலும் சான்சாரி சாலைக் குழியிலும் பொருந்தினால், இரண்டும் ஒரே கொலையின் குழிகள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. இன்று கிட்டத்தட்ட 7,000 பேர் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். குடும்பங்களுக்கோ வேதனை இதோடு முடியவில்லை. கிடைத்த சில எலும்புகளை இப்போதே அடக்கம் செய்வதா, மிச்சம் வரும்வரை காத்திருப்பதா என்று அவர்களே முடிவெடுக்க வேண்டும். போட்டோசாரி நினைவுக் கல்லறைத் தோட்டத்தில் புதிதாகக் கிடைத்த எலும்பைச் சேர்க்கக் கல்லறையை மறுபடி திறந்ததும் உண்டு.

பிரிவு_இரண்டு

எலும்பு கொலையை நிரூபிக்கும், நோக்கத்தை நிரூபிக்காது. 1948 இனப்படுகொலை உடன்படிக்கையின் 2-ஆம் பிரிவு கேட்பது, ஒரு தேசிய, இன, மதக் குழுவை அந்தக் குழு என்பதற்காகவே ‘முழுமையாகவோ பகுதியாகவோ’ அழிக்கும் நோக்கம். மானிடத்துக்கு எதிரான குற்றத்துக்கு இந்த நோக்கம் தேவையில்லை, பொதுமக்கள் மீதான பரவலான அல்லது திட்டமிட்ட தாக்குதலின் பகுதி என்று காட்டினால் போதும். இரண்டாவதை ‘சின்னக் குற்றம்’ என்று பலர் நினைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. தண்டனையில் அப்படிப் படிநிலை எதுவும் கிடையாது.

நோக்கத்தையும் அமைப்பையும் நிறுவியதில் பெரும்பங்கு சலிப்பூட்டும் காகிதங்களுக்கு. பொஸ்னிய செர்பியப் படையின் ஸ்வோர்னிக் படைப்பிரிவின் வண்டி ட்ரிப் ஷீட்டுகளில், புதைத்த நாட்களில் எந்த இயந்திரம் எங்கே ஓடியது என்று எழுதியிருந்தது. செப்டம்பர் 14-ல் தலைமையகம் 5 டன் டீசல் ஒதுக்கிய உத்தரவு இருக்கிறது, இடமாற்றத்துக்கான எரிபொருள் அது. ஒட்டுக்கேட்ட பதிவொன்றில், ஜூலை 15 அன்று படைத் தலைமையகத்தின் பாதுகாப்பு அதிகாரி கர்னல் பியாரா இன்னும் 3,500 ‘பார்சல்’ பட்டுவாடா செய்ய வேண்டியிருப்பதாக கிறிஸ்டிச்சிடம் சொல்கிறார். ஆள் இல்லாமல், லாரி இல்லாமல், டீசல் இல்லாமல் இத்தனை பேரைக் கொன்று புதைக்க முடியாது. வெறிபிடித்த சிலரின் வேலை என்ற கதை இங்கே உடைகிறது. கொன்றவர்களில் ஒருவரான எர்டெமோவிச்சின் ஒப்புதல் வாக்குமூலமும் பிரான்யெவோ பண்ணையை உள்ளிருந்து காட்டியது.

பிரியெடோர் பற்றி: பொஸ்னிய செர்பியர்களின் அரசியல் தலைவர் கராட்ஜிச்சும் படைத் தளபதி மிலாடிச்சும் ஸ்ரெப்ரெனிட்சாவுக்காக இனப்படுகொலைக் குற்றவாளிகள், 1992-ல் பிரியெடோர் உள்ளிட்ட நகராட்சிகளில் நடந்தவை விஷயத்தில் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து மட்டும் விடுவிக்கப்பட்டார்கள். அங்கே நடந்த கொலை, முகாம், விரட்டியடிப்பு எல்லாம் மானிடத்துக்கு எதிரான குற்றங்களாக நிரூபணமாயின. மிலாடிச் வழக்கில் சிக்கியது ‘கணிசமான பகுதி’ என்ற அளவுகோல்: ஒவ்வொரு நகராட்சியின் முஸ்லிம்களும் பொஸ்னிய முஸ்லிம்களில் கணிசமான பகுதி ஆகவில்லை என்றது நீதிமன்றம். ஸ்ரெப்ரெனிட்சாவிலும் சுமார் 40,000 பேர்தான். ஆனால் அது ஐ.நா. பாதுகாப்பு வலயம், எல்லா முஸ்லிம்களுக்கும் அடையாளமான ஊர் என்பதையும் கிறிஸ்டிச் வழக்கின் மேல்முறையீட்டு அமர்வு எடைபோட்டது. நகராட்சி நகராட்சியாக வெட்டிப் பார்த்ததால் மொத்தத் திட்டமும் மறைந்துவிட்டது என்பது என் கருத்து.

நெடுஞ்சேரன்

நன்றி. கிறிஸ்டிச்சின் 46 ஆண்டு சிறைத்தண்டனை 2004 மேல்முறையீட்டில் 35 ஆனதும் இந்த நோக்கத்தால்தானா?

பிரிவு_இரண்டு

ஆமாம். மற்றவர்களின் நோக்கம் அவருக்குத் தெரியும், தன் கோர்ப்ஸின் (படையணியின்) ஆட்களையும் வசதிகளையும் பயன்படுத்த விட்டார். ஆனால் அவருக்கே அந்த நோக்கம் இருந்தது என்பதை ஐயமறக் காட்ட முடியவில்லை. அதனால் இனப்படுகொலைக்கு உடந்தை என்று மாறியது. இனப்படுகொலை நடந்தது என்ற முடிவு அப்படியே நின்றது. கிறிஸ்டிச் வழக்கின் 2001 தீர்ப்பை முதலில் படியுங்கள், பிறகு 2004 மேல்முறையீட்டுத் தீர்ப்பு, அதன்பின் 2010 பொபோவிச் வழக்கு. பியாராவுக்கு ஆயுள் தண்டனை அதில்தான்.