ரெட்டிகுலம் 2-இன் யூரோப்பியம்: நியூட்ரான் விண்மீன் மோதலா, அரிய சூப்பர்நோவாவா?

அடிவானம்:

"தங்கம், யூரோப்பியம் போன்ற கனமான தனிமங்கள் எங்கே பிறந்தன என்பதற்கு இன்னும் உறுதியான விடை இல்லை" என்று பக்கத்துத் திரியில் நண்பர் 'மறுபக்கம்' எழுதியிருந்தார். என்னைக் கேட்டால் விடையின் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டது. அங்கே பேச்சு திசைமாற வேண்டாம் என்று தனித் திரி போடுகிறேன்.

ரெட்டிகுலம் 2 என்ற குள்ள கேலக்ஸி 2015-இல், டார்க் எனர்ஜி சர்வே எடுத்த படங்களில் அகப்பட்டது. ஏறத்தாழ 1 லட்சம் ஒளியாண்டு தூரம். மொத்த வெளிச்சமே சில ஆயிரம் சூரியன்கள் அளவுதான். பால்வழியில் ஒற்றை விண்மீனே இதைவிடப் பிரகாசமாக இருப்பது உண்டு. 2016-இல் அலெக்சாண்டர் ஜி, ஆனா ஃப்ரெபல் குழுவினர் சிலியில் உள்ள மெகல்லன் தொலைநோக்கியால் அதன் 9 விண்மீன்களை ஆராய்ந்தார்கள். 7-இல் ஆர்-செயல்முறைத் தனிமங்கள் (யூரோப்பியம் போன்ற கனமானவை) கொட்டிக் கிடந்தன. இதே வகையைச் சேர்ந்த மற்ற மங்கலான கேலக்ஸிகளோடு ஒப்பிட்டால் 100 முதல் 1,000 மடங்கு அதிகம். இயன் ரோடரர் குழுவும் அதே ஆண்டு தனியாகப் பார்த்து இதையே உறுதி செய்தது.

அதுவரை பார்க்கப்பட்ட பத்து கேலக்ஸிகளில் ஒன்றில் மட்டும் இப்படி. சாதாரண சூப்பர்நோவாதான் இவற்றைச் செய்கிறது என்றால் பத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும். ஆக, ஆயிரத்துக்கு மேற்பட்ட சூப்பர்நோவாக்களுக்கு ஒருமுறை நடக்கிற, நடந்தால் அள்ளிக் கொட்டுகிற ஏதோ ஒன்று. மறு ஆண்டே, 2017 ஆகஸ்ட் 17-இல், ஈர்ப்பலைக் கருவிகளான லைகோவும் விர்கோவும் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் அடர்ந்த கரு) மோதியதைப் பிடித்தன. அதன் ஒளியில் அந்தக் கனமான தனிமங்களில் ஒன்றான ஸ்ட்ரான்ஷியத்தின் தடம் இருந்ததை 2019-இல் அடையாளம் கண்டார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

புதுநிலவு:

அண்ணா, ஒரு அடிப்படைச் சந்தேகம். அணுக்கரு நியூட்ரான்களை மளமளவென்று விழுங்கிக் கனமாவதுதான் ஆர்-செயல்முறை என்ற அளவில் தெரியும். ஆனால் அவ்வளவு தூரத்தில் உள்ள விண்மீனில் யூரோப்பியம் எவ்வளவு என்று எப்படி அளக்கிறார்கள்? அப்புறம், பால்வழியிலேயே பழைய விண்மீன்கள் இருக்கும்போது மங்கலான கேலக்ஸியைத் தேடி ஏன் போக வேண்டும்?

ஏழாம்பிறை:

புதுநிலவு, முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மற்ற இருவரும் சண்டையை அப்புறம் தொடரட்டும்.

சூரியனின் நிறமாலையை எடுத்துப் பார்த்தால் நீலப் பகுதி முழுக்கக் கறுப்புக் கோடுகள். அவற்றில் மிகப் பல இரும்பின் வேலை. ரெட்டிகுலம் 2-இன் விண்மீன் ஒன்றில் இரும்பு சூரியனில் இருப்பதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதனால் அந்தக் காடு காணாமல் போய், நிறமாலை கிட்டத்தட்ட வழுக்கையாக இருக்கும். ஹைட்ரஜனின் அகன்ற கோடுகள், கால்சியத்தின் இரண்டு கோடுகள், கொஞ்சம் மெக்னீசியம், அங்கங்கே மெல்லிய இரும்பு. இப்படிப்பட்ட விண்மீனில் 4554 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் பேரியம் ஆழமாக வெட்டிக்கொண்டு நிற்கிறது. 4129-இல் யூரோப்பியம் தெளிவாகத் தெரிகிறது. செகு 1 மாதிரியான மற்றக் குட்டி கேலக்ஸிகளில் அதே இடத்தில் யூரோப்பியத்துக்குத் தடமே இருக்காது, இரைச்சல் மட்டும்தான். ஆகவே அந்த முதல் நிறமாலையைப் பார்த்தவர்களுக்குக் கணக்கே போடாமல் விஷயம் புரிந்திருக்கும்.

கோட்டின் ஆழத்திலிருந்து அளவுக்குப் போக, விண்மீனின் மேற்பரப்பு வெப்பநிலையும் ஈர்ப்பும் தெரிய வேண்டும், அந்த வெப்பத்தில் எத்தனை அணு அயனியாகியிருக்கும் என்பதும் தெரிய வேண்டும். 1920-இல் இயற்பியலாளர் மேகநாத் சாகா தந்த சமன்பாடு இல்லையென்றால் இந்தத் துறையில் ஒரு எண்ணைக்கூட எழுத முடியாது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்காது.

ரெட்டிகுலம் 2-இன் மிகப் பிரகாசமான விண்மீனில், சூரியனோடு ஒப்பிட்டால், இரும்பு ஆயிரத்தில் ஒன்று, யூரோப்பியமோ இருபதில் ஒன்று. இந்த ஏற்றத்தாழ்வைத்தான் விளக்கியாக வேண்டும்.

அடிவானம்:

நன்றி அக்கா. இரண்டாவது கேள்விக்கு என் பதில்: பால்வழி பெரிய ஏரி. கோடிக்கணக்கான வெடிப்புகள் கலந்து கலந்து, எது எதிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது. ரெட்டிகுலம் 2 ஒரு குடம் தண்ணீர். ஒரே ஒரு சொட்டு நீலம் விழுந்தாலும் குடம் முழுக்கத் தெரியும். அதோடு இந்தக் கேலக்ஸிகள் பிரபஞ்சத்தின் முதல் நூறு கோடி ஆண்டை ஒட்டியே பெரும்பாலும் விண்மீன் ஆக்குவதை நிறுத்திவிட்டன. வாயு போய்விட்டது. அன்று இருந்த கலவை இன்றும் அப்படியே இருக்கிறது.

மறுபக்கம்:

அடிவானம், நீங்கள் சொன்னதில் அரிய நிகழ்வு என்பதை நான் மறுக்கவே இல்லை. ரெட்டிகுலம் 2 அதை ஐயமில்லாமல் நிரூபித்துவிட்டது. நான் மறுப்பது அடுத்த அடியை. "அரிது" என்பதிலிருந்து "மோதல்" என்பதற்கு நீங்கள் ஒரே தாவாகத் தாவுகிறீர்கள்.

அரிதாக நடந்து அள்ளிக் கொட்டக்கூடியவை வேறும் உண்டு. வேகமாகச் சுழலும் பெரிய விண்மீன் உள்ளே நொறுங்கிக் கருந்துளையாகும்போது அதைச் சுற்றி உருவாகும் வட்டிலிருந்து இந்தத் தனிமங்கள் வீசப்படலாம். 2019-இல் சீகல், பார்ன்ஸ், மெட்ஸ்கர் மூவரும் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்; ஒரு நிகழ்வுக்கு மோதலைவிடப் பல மடங்கு அதிகம் வரும். கடும் காந்தப்புலத்தோடு வெடிக்கும் சூப்பர்நோவா இன்னொன்று. 2004 டிசம்பரில் எஸ்ஜிஆர் 1806-20 என்ற மேக்னட்டார் (கடும் காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்) கக்கிய பெரும் வெடிப்பிலும் ஆர்-செயல்முறை நடந்ததற்கான காமாக் கதிர்த் தடயம் இருந்ததை 2025-இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

இப்போது மோதலுக்கு உள்ள சிக்கல். நியூட்ரான் விண்மீன் பிறக்கும்போது ஒரு உதை வாங்குகிறது. ஜோடியாக இருந்தால் இரண்டு சூப்பர்நோவா, இரண்டு உதை. அன்றைய ரெட்டிகுலம் 2-ஐ விட்டுத் தப்பிக்க நொடிக்கு ஒரு பத்து இருபது கிலோமீட்டர் வேகம் போதும். உதையோ நூற்றுக்கணக்கில் இருக்கலாம். ஜோடி கேலக்ஸியை விட்டே ஓடியிருக்கும். ஓடாமல் அங்கேயே சுற்றி, வாயு தீர்வதற்குள் மோதி, அதன் பிறகு புது விண்மீன்களும் பிறக்க வேண்டும். இத்தனையும் சரியாக அமைய வேண்டும். பெரிய விண்மீன் நொறுங்கும் வழிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பிறந்த இடத்திலேயே, சில பத்து லட்சம் ஆண்டுகளில் வேலை முடிந்துவிடும்.

அடிவானம்:

உதை பற்றிச் சொன்னது எல்லா ஜோடிக்கும் பொருந்தாது. ஜே0737-3039 என்ற இரட்டைப் பல்சாரை (ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள்) எடுங்கள். அதன் சுற்றுப்பாதை கிட்டத்தட்ட வட்டம். இரண்டாவது சூப்பர்நோவா மெதுவாகத்தான் தள்ளியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அது இன்னும் எட்டரைக் கோடி ஆண்டில் மோதிவிடும். விண்மீன் வரலாற்றில் அது அதிக நேரமே இல்லை. பத்து கேலக்ஸிகளில் ஒன்றில் மட்டும் இது நடந்திருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். மற்ற ஒன்பதில் ஜோடி ஓடியிருக்கட்டுமே!

இன்னும் வலுவான சான்றுகள் 2023-இல் வந்தவை. ஜி குழு கூடுதல் விண்மீன்களில், இங்கே ஆர்-செயல்முறைக்கு அடையாளமான பேரியத்தை அளந்தது. ஏறத்தாழ 72 சதவீதத்தில் ஆர்-செயல்முறைத் தனிமங்கள் நிறைய. அந்த விண்மீன்களுக்கிடையே பேரியத்தின் அளவில் வித்தியாசம் மிகக் குறைவு. அதாவது நிகழ்வு நடந்து, வாயு நன்றாகக் கலந்து, அதன் பிறகுதான் அவை பிறந்திருக்கின்றன. மீதி 28 சதவீதம் நிகழ்வுக்கு முன்பே பிறந்தவை. ஜோஷுவா சைமன் குழு ஹப்பிள் படங்களை வைத்து, முதல் 28 சதவீத விண்மீன்கள் பிறந்து முடிய ஏறத்தாழ 50 கோடி ஆண்டு ஆனது, ஆகவே நிகழ்வு அதற்குள் நடந்திருக்க வேண்டும் என்று காட்டியது. பெரிய விண்மீன் நொறுங்க 50 கோடி ஆண்டு தேவையில்லை. சீக்கிரம் மோதும் ஜோடிக்கு அந்தக் கால அளவு போதும்.

மறுபக்கம்:

1,300 கோடி ஆண்டு வயதுள்ள விண்மீன்களில் 50 கோடி ஆண்டு வித்தியாசம் என்பது 4 சதவீதம்கூட இல்லை. வயதைக் கணிக்க உதவும் நிற-ஒளிர்வு வரைபடத்தில் அது மயிரிழை. இரண்டே தலைமுறை என்று முதலில் வைத்துக்கொண்டு பொருத்தினால் கால அளவு இப்படி வருகிறது. இன்னொன்றையும் யோசியுங்கள்: ரெட்டிகுலம் 2 இரண்டு சின்னக் கூட்டங்கள் இணைந்து உருவாகியிருந்தால்? ஒன்றில் நிகழ்வு நடந்தது, மற்றதில் நடக்கவில்லை. 72-28 தானாகவே வந்துவிடும், காத்திருக்கும் காலமே தேவையில்லை.

ஏழாம்பிறை:

அளவுக் கணக்கை யாரும் போடவில்லையே, நான் போடுகிறேன். ஒரு மோதலில் வீசப்படும் பொருள் சூரிய நிறையில் நூற்றில் சில பங்கு. அதில் யூரோப்பியம் ஆயிரத்தில் ஒன்று என்று வையுங்கள். சூரிய நிறையில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு யூரோப்பியம் கிடைக்கும். அதை 10 லட்சம் சூரிய நிறையுள்ள வாயுவில் கலந்தால், சூரியனில் உள்ள யூரோப்பிய விகிதத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு வருகிறது. நாம் பார்ப்பது பத்தில் ஒன்றுக்கும் இருபதில் ஒன்றுக்கும் இடைப்பட்டது. ஒரே ஒரு நிகழ்வு போதும் என்பது இதிலிருந்து உறுதி. ஒரு காகிதத் துண்டில் முடிகிற கணக்கு ஒரு கேலக்ஸியின் வரலாற்றோடு ஒத்துப்போவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

மறுபக்கம்:

அக்கா, அந்தக் கணக்கு அழகு. ஆனால் அது யார் பக்கமும் நிற்காது. நொறுங்கும் விண்மீன் இருபது மடங்கு அதிகம் கொட்டினால், 2 கோடி சூரிய நிறை வாயுவில் கலந்ததாக வைத்துக்கொள்ளலாம். அதே எண்தான் வரும். வாயு எவ்வளவு என்பதை யாரும் நேரில் அளக்கவில்லை.

தனிமங்களின் விகிதத்தையாவது நம்பலாம் என்றால் அங்கேயும் முடிச்சு. அதே பிரகாசமான விண்மீனில் ஜி, ஃப்ரெபல் இருவரும் 2018-இல் தோரியத்தையும் அளந்தார்கள். யூரோப்பியத்தோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. தோரியம் காலப்போக்கில் சிதைவது; வழக்கமான தொடக்க விகிதத்தை வைத்து வயது கணக்கிட்டால் 2,100 கோடி ஆண்டுக்கு மேல் வருகிறது. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி! அப்படியானால் அங்கே நடந்த நிகழ்வு தொடக்கத்திலேயே தோரியத்தைக் குறைவாகத்தான் செய்திருக்கிறது. வழக்கமான அச்சில் வார்க்க முடியாத ஒரு நிகழ்வை வைத்து, எல்லாத் தங்கமும் மோதலில்தான் பிறந்தது என்று பொதுவிதி எழுத வேண்டாம் என்கிறேன்.

அடிவானம்:

தோரியம் குறைவு என்பது மோதலுக்கு எதிரானது இல்லை. வீசப்படும் பொருளில் நியூட்ரான் விகிதம் கொஞ்சம் குறைந்தால் தோரியம் போன்ற மிகக் கனமான ஆக்டினைடுகள் குறையும். மோதலுக்குப் பின் உருவாகும் வட்டிலிருந்து வரும் காற்றில் அப்படி நடக்கலாம்.

புதுநிலவு:

இரண்டு வழியும் உண்மையாக இருக்கக் கூடாதா? ஒரு கேலக்ஸியில் மோதல், இன்னொன்றில் நொறுங்கல் என்று?

மறுபக்கம்:

இருக்கலாம், நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். ஸ்கல்ப்டர் கேலக்ஸியைப் பாருங்கள். ரெட்டிகுலம் 2-ஐவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பிரகாசம். அங்கே யூரோப்பியம் மெக்னீசியத்தோடு கைகோத்து நடக்கிறது என்று ஸ்கூலாடோட்டிர் குழு 2019-இல் காட்டியது. மெக்னீசியம் பெரிய விண்மீன்களின் வெடிப்பில் உடனுக்குடன் வருவது. யூரோப்பியம் தாமதமாக வந்திருந்தால் அந்த விகிதம் காலப்போக்கில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. மோதல் மட்டும் என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

அடிவானம்:

ஸ்கல்ப்டரில் பல நிகழ்வுகள் கலந்துவிட்டன. சீக்கிரம் மோதிய ஜோடிகள் போதுமான அளவு இருந்தால் விகிதம் சமமாகவே தெரியும். எட்டரைக் கோடி ஆண்டு என்று முன்பே சொன்னேனே, அதைவிடக் குறுகிய ஜோடிகளும் உருவாக முடியும்.

என் வாதம் தவறாகப் போகக்கூடிய ஒரு சோதனையை நானே வைக்கிறேன். நடுவில் உண்மையிலேயே 50 கோடி ஆண்டு போயிருந்தால், அதற்குள் வெள்ளைக் குள்ளன்கள் (சிறிய விண்மீன்கள் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் கரு) வெடிக்கும் முதலாம் ஏ வகை சூப்பர்நோவாக்கள் தொடங்கியிருக்கும். அவை இரும்பைக் கொட்டும், மெக்னீசியத்தைக் கொட்டாது. ஆகவே பேரியம் நிறைந்த 72 சதவீத விண்மீன்களில், பேரியம் இல்லாத 28 சதவீதத்தைவிட மெக்னீசியம்-இரும்பு விகிதம் இறங்கியிருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் இரண்டு கூட்டங்கள் இணைந்த கதையில் அப்படி இறங்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு பக்கமும் போதுமான விண்மீன்களில் மெக்னீசியத்தைத் துல்லியமாக அளந்தால் போதும்.

மறுபக்கம்:

சோதனை நியாயமானது, ஒரு திருத்தத்தோடு ஏற்கிறேன். இவ்வளவு சின்னக் கேலக்ஸியில் முதலாம் ஏ வகை வெடிப்பு ஒன்றிரண்டுதான் நடந்திருக்கும். தற்செயலாக ஒன்றும் நடக்காமலும் போகலாம். அதனால் விகிதம் இறங்கியிருந்தால் நீங்கள் சொல்லும் தாமதத்தை ஒப்புக்கொள்வேன். இறங்கவில்லை என்பதை மட்டும் வைத்து நானும் வெற்றி கொண்டாட மாட்டேன். அந்த 28 சதவீதத்தில் பல மிக மங்கலானவை, 6.5 மீட்டர் மெகல்லனுக்கு ஒரு விண்மீனுக்கே பல மணி நேரம் பிடிக்கும். சிலியில் எழும்பிக்கொண்டிருக்கும் 39 மீட்டர் தொலைநோக்கி திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியவை அவைதான் என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.