டயருக்கு மருந்து அடிச்சா கொக்கு திரும்பிப் போயிருமா?

உசிலைப்பண்ணை:
பக்கத்து இழையில ஒரு பெரியவர் எழுதியிருக்கார்: "ஆலப்புழையில பறவைக்காய்ச்சல்ல வாத்து சாகும்போதெல்லாம் மதுரைக் கோழியைக் காப்பாத்துறது தேனி எல்லையில நம்ம கால்நடைத் துறை அடிக்கிற மருந்துதான்." படிச்சதும் குடிச்ச டீ புரையேறிப்போச்சு. கம்பம்மெட்டு செக்போஸ்ட்ல லாரி டயருக்கு மருந்து அடிக்கிறாய்ங்க, சரி. மேல பறந்து வர்ற கொக்குக்கு யாருண்ணே அடிக்கிறது? சாமநத்தம் கண்மாயில எறங்குறதெல்லாம் செக்போஸ்ட்ல சீட்டு வாங்கிட்டா எறங்குது?

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
எழுதினவன் நான்தான், தம்பி. பேரைச் சொல்லியே திட்டலாம். காட்டுப் பறவை கிருமியைக் கொண்டுவரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பண்ணையிலிருந்து அடுத்த பண்ணைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போவது எச்சம் ஒட்டிய டயர், முட்டை அட்டை, கூண்டு, வேலையாள் செருப்பு. 2006-ல் மகாராஷ்டிரா நவாப்பூரில் இந்த நோய் இந்தியாவுக்குள் முதன்முதலாக வந்ததிலிருந்து துறை இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. காது கேட்பவர்களுக்குக் கேட்கும்.

உசிலைப்பண்ணை:
காது நல்லாவே கேக்குது சார். கண்ணும் தெரியுது, அதுதான் பிரச்சினை. எந்தச் செக்போஸ்ட்டுனு சொல்லல, நான் வண்டியில உக்காந்து பார்த்தது. முதுகுல ஸ்பிரேயரை மாட்டிக்கிட்டு ஒரு பையன் வந்தான். முன் டயர் ரெண்டுலயும் சர்ருனு ஒரு இழுப்பு. பின் டயருக்கு வரும்போது மருந்து தீந்துபோச்சு, போங்கண்ணேனு கையைக் காட்டிட்டான். பின்னாடி அடுக்கியிருந்த காலிக் கூண்டுல எச்சம் காஞ்சு ஒட்டிக் கெடக்கு, அதை ஏறெடுத்தும் பாக்கல. நீங்களே கூண்டுதான் கிருமியைச் சொமக்குதுங்கிறீங்க. அப்புறம் டயருக்கு மட்டும் எதுக்கு அபிஷேகம்?

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
ஒரு பையன் ஒரு நாள் ஒழுங்காக அடிக்கவில்லை என்றால் திட்டமே தப்பா? உங்கள் பண்ணை வாசலில் கால் நனைக்கும் தொட்டி இருக்கிறதா? அதில் மருந்துத் தண்ணீர் இருக்கிறதா, பீடித் துண்டு இருக்கிறதா? போட்டோ போடுங்கள், பார்ப்போம்.

சிறுவிடைச்சேவல்:
உங்க ரெண்டு பேருக்கும் பிராய்லர் மட்டுந்தான் கோழியா? பிப்ரவரி மாசம் ஊருக்குள்ள வந்து ஓசியில ஊசி போடுறாய்ங்களே, அதை ஏன் பேச மாட்டேங்கிறீங்க? போட்டதுலருந்து எங்க வீட்டுல ஒரு கோழிக்குக்கூடப் பறவைக்காய்ச்சல் வரல. டயரும் வேணாம், கொக்கும் வேணாம், ஊசி போதும்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
ஐயா, அந்த முகாம் வெள்ளைக்கழிச்சலுக்கு. பறவைக்காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. கிருமி வேறு, ஊசி வேறு. பறவைக்காய்ச்சல் கிருமியான எச்5என்1-க்குத் தடுப்பூசி போட இந்தியாவில் அனுமதி இல்லை. உறுதியானால் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழி, வாத்து எல்லாவற்றையும் அழிப்பது, 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பது, இதுதான் நம் நாட்டு நடைமுறை.

சிறுவிடைச்சேவல்:
தலையைத் தொங்கப்போட்டு சாகுது, ரெண்டுலயும் அப்படித்தான் சாகுது. ஊசி போட்டா சாகல. எங்களுக்கு அது போதும் சார்.

வண்டியூர்_இறகு:
ஒரு சின்னத் திருத்தம். தலைப்பில் இருக்கும் கொக்கு வெளிநாட்டு விருந்தாளி இல்லை; நம் கண்மாய்க் கருவேல மரங்களிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வருவது ஊசிவால் வாத்து மாதிரியானவை. எதற்கெடுத்தாலும் பறவைமேல் பழியைப் போடாதீர்கள். பண்ணைக் கழிவை மூட்டை மூட்டையாகக் கண்மாய்க்கரையில் கொட்டுவது எந்தப் பறவை?

உசிலைப்பண்ணை:
வந்துட்டாருப்பா பைனாகுலர். கொக்கோ வாத்தோ, டயர் இல்லாமப் பறக்குதுல்ல? அதுதான் என் கேள்வி. ஆந்திராவுல 2025 பிப்ரவரியில மேற்கு கோதாவரிப் பண்ணைகள்ல கொத்துக் கொத்தாச் செத்துச்சு. அங்கயும் எல்லையில எல்லாரும் வண்டியை மறிச்சாய்ங்க. மறிச்சா அது வராம இருந்துச்சா?

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
அங்கிருந்து இங்கே வந்ததா? வரவில்லையே. அதைத்தான் சொல்கிறேன்.

உசிலைப்பண்ணை:
வரலைன்னா உங்க மருந்து. வந்தா கொக்கு. நல்ல கணக்கு சார் இது. சர்வீஸ்ல இருந்தப்பவும் இப்படித்தான் ரிப்போர்ட் எழுதுனீங்களா?

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
வார்த்தையை அளந்து பேசுங்கள். கோழித் தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்து, ஐஸ்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனவன் நான். சந்தேகம் என்றால் அது போபால் ஆய்வகம் வரைக்கும் போகும், அங்கே சொன்னால்தான் முடிவு. அப்போதெல்லாம் "மாதிரி எடுக்க வந்தால் கேட்டைப் பூட்டுவோம்" என்றவர்கள் இன்றைக்கு அரசாங்கம் என்ன செய்தது என்று கேட்கிறார்கள். உங்கள் ஊர்ப் பக்கமும் பூட்டிய கேட்டைப் பார்த்திருக்கிறேன்.

கீழவாசல்_பிரியாணி:
அண்ணன்மாரே, நீங்க டயரைப் பத்திப் பேசப் பேச என் அண்டா அப்படியே நிக்குது. 70 டிகிரியில வெந்தாலே அந்தக் கிருமி செத்துரும். பிரியாணி அதைவிடக் கொதிக்குது. கேரளாவுல வாத்து தும்முனா மதுரையில எனக்கு லெக் பீஸ் விக்காது. மட்டன் கடைக்காரன்தான் சிரிக்கிறான்.

உசிலைப்பண்ணை:
உனக்கு ஒருநாள் வியாபாரம்ப்பா. எனக்கு? கேட்டைப் பூட்டுறாய்ங்கனு சார் வருத்தப்படுறாரே, ஏன் பூட்டுறான்னு கேட்டாரா? அழிக்கிற கோழிக்குத்தான் நஷ்டஈடு, அதுல மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி. அதுக்கு முன்னாடி தானாச் செத்த கோழிக்குக் கிடையாது. ரிசல்ட் வர்றதுக்குள்ள பாதி ஷெட் காலி. மிச்சத்துக்கும் குஞ்சு கம்பெனியோடது, தீவனம் கம்பெனியோடது, எனக்குக் கிலோவுக்கு வளர்ப்புக்கூலி மட்டுந்தான். அப்போ அந்தக் காசு யாரு கைக்குப் போகும்? கரண்டு பில்லு, ஷெட் தரையில பரப்புற தேங்காநாரு, குஞ்சுக்குச் சூடு குடுக்க ராத்திரி முழுக்க எரியுற புரூடர் பல்பு, இதெல்லாம் எந்தக் கணக்கு? அதைக் கேட்டா மருந்து அடிச்சோம்னு பதில் சொல்றீங்க.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
நஷ்டஈடு வேறு பேச்சு. டயரில் ஆரம்பித்தீர்கள், டயருக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

உசிலைப்பண்ணை:
நான் கேள்வி கேட்டவன். பதில் சொல்ல வேண்டியது நீங்க.

வண்டியூர்_இறகு:
பிரான்ஸ் 2023 அக்டோபரில் பண்ணை வாத்துகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தது. சீனாவில் பல வருடமாகவே கோழிக்குப் போடுகிறார்கள். இங்கே கொன்று குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவுவதை மட்டும் திட்டம் என்கிறோம்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
ஊசி போட்டால் கோழி சாகாது, ஆனால் கிருமி உள்ளுக்குள் சத்தமில்லாமல் சுற்றலாம். ஏற்றுமதியும் அடிபடும். நாமக்கல் முட்டைக்காரர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

சிறுவிடைச்சேவல்:
பாத்தீங்களா, ஊசி போட்டா சாகாதுன்னு சாரே சொல்லிட்டார். நான் முதல்லயே சொன்னேன்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
நான் சொன்னது வேறு ஊசி, ஐயா!

உசிலைப்பண்ணை:
ஏப்பா சேவல், நீயெல்லாம் கோழியைப் பத்திப் பேசலாமா? சண்டைக்கு விடுற சேவலை ஊரு ஊராத் தூக்கிட்டுத் திரியுறது நீ. பத்துச் சேவலை ஒரே எடத்துல மோதவிட்டு, வாயால ரத்தத்தை உறிஞ்சித் துப்புறது நீ. கிருமி பரவ அதைவிடத் தோதான எடம் உண்டா? உன் பைக் டயருக்கு எந்தச் செக்போஸ்ட்லயாவது மருந்து அடிச்சாய்ங்களா?

கீழவாசல்_பிரியாணி:
டயர் திரும்ப வந்துருச்சு.

சிறுவிடைச்சேவல்:
என் சேவலைப் பத்தி நீங்க பேசாதீங்கண்ணே. போன வருசம் இதே குழுவுல கருங்கோழிக் குஞ்சுனு சொல்லி வித்தது யாரு? வளந்ததுக்கப்புறம் பாத்தா நெஞ்சுக்கறி வெள்ளை வெளேர்னு இருக்கு. அரசாங்கம் ஏமாத்துறதை அப்புறம் பேசலாம்.

உசிலைப்பண்ணை:
அது பொரிப்பகத்துக்காரன் மாத்திக் குடுத்தது. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?

சிறுவிடைச்சேவல்:
காசை வாங்குனது பொரிப்பகமா, நீங்களா?

உசிலைப்பண்ணை:
இன்பாக்ஸ் வா. பொது இடத்துல பேசாத.

சிறுவிடைச்சேவல்:
பொது இடத்துலதானே வித்தீங்க.