ஜிஆர்பிசி வழியாக டெசிமல் வகையை அனுப்புவது எப்படி?

வணக்கம். சர்வர் பைத்தான், கிளையன்ட் ஜாவா, நடுவில் ஜிஆர்பிசி (ஒரு புரோகிராம் இன்னொன்றின் ஃபங்ஷனை நெட்வொர்க் வழியாக அழைக்க உதவும் ஃபிரேம்வொர்க்). சர்வரில் தொகைகளையெல்லாம் டெசிமலை (தசம எண்களைத் துல்லியமாக வைக்கும் பைத்தான் வகை) வைத்து எழுதிய ஒரு தனி கிளாஸில்தான் வைத்திருக்கிறேன், ஆனால் புரோட்டோபஃபில் (ஜிஆர்பிசி டேட்டாவை அனுப்பப் பயன்படுத்தும் வடிவம்) டெசிமல் என்று ஒரு அடிப்படை வகையே கிடையாது என்பதால் எந்த உருவத்தில் அனுப்புவது என்று புரியவில்லை. டபுள் (பைனரி மிதவைப் புள்ளி எண்) வேண்டாம், 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று வந்து நிற்கும். ஸ்ட்ரிங்காக அனுப்பினால் மதிப்பு சிதையாது, ஆனால் "12,5" என்று யாராவது அனுப்பினாலும் புரோட்டோபஃப் வாயைத் திறக்காது, சரிபார்ப்பு மொத்தமும் நம் தலையில். கூகுளின் மணி வகை மாதிரி முழு எண் தனி, நானோஸ் (நூறு கோடியில் ஒரு பங்குக் கணக்கில் பின்னப் பகுதி) தனி என்று பிரிக்கலாம்தான், ஆனால் அது 9 தசம இலக்கத்தோடு நின்றுவிடும், எனக்குச் சில இடங்களில் 12 வேண்டும்.

இப்போதைக்கு யோசனை இதுதான்: புள்ளியை எடுத்துவிட்ட முழு எண்ணை பைட்ஸாகவும், ஸ்கேலை (புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதை) இன்ட்32 ஆகவும் ஒரு மெசேஜில் போட்டு, ஜாவா பக்கம் பிக்டெசிமலாக (ஜாவாவின் துல்லியமான தசம வகை) கட்டிக்கொள்வது. பிக்டெசிமலே உள்ளுக்குள் இப்படித்தான் என்பதால் அந்தப் பக்கம் வேலை குறைவு. பைத்தானில் மட்டும் டூ_பைட்ஸ் (முழு எண்ணை பைட்ஸாக மாற்றும் மெத்தட்) அழைக்கும்போது பிக் எண்டியன் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்), சைன்டு (மைனஸ் எண்ணும் வரலாம்) இரண்டையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மைனஸ் தொகை வந்ததும் அடி வாங்கும்.

யாராவது இப்படி புரொடக்‌ஷனில் ஓட்டியிருக்கிறீர்களா? இல்லை, பேசாமல் ஸ்ட்ரிங்கே போதுமா? அப்புறம், இந்த மாற்றும் கோடை ஒவ்வொரு ஹேண்ட்லரிலும் (ஒரு அழைப்பைக் கையாளும் ஃபங்ஷன்) எழுதுவதா, இன்டர்செப்டரில் (எல்லா அழைப்புகளும் கடந்து போகும் நடு அடுக்கு) ஒரே இடத்தில் வைப்பதா?