ஈஸ்ட் ஆக்டின் இன்ட்ரான்: 25 டிகிரியிலும் மேல் பேண்ட் ஏன்?

நாகர்கோவில்_பயோ:
ஸ்ப்ளைசிங்குக்கு (ஆர்என்ஏவிலிருந்து இன்ட்ரானை வெட்டி நீக்கி, மிச்ச எக்ஸான்களை ஒட்டுறது) வேண்டிய பிஆர்பி2 புரதம் சூட்டில் முடங்கும் ஈஸ்ட் மியூட்டன்ட்டை 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, ஆக்டின் இன்ட்ரான் (309 நியூக்ளியோடைடு) வெட்டுப்படாமல் தேங்குதான்னு ஆர்டி-பிசிஆரில் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கிப் பெருக்கும் முறை) பார்க்கிறோம். ஜெல்லில் வெட்டினது 200, வெட்டாதது 509 நீளத்தில் பேண்டா வரணும். ஆனா 25 டிகிரி கன்ட்ரோலிலும் 509 அடர்த்தியா வருது. வைல்டு டைப்பிலும் (மியூட்டேஷன் இல்லாத சாதாரண ஈஸ்ட்) மங்கலா தெரியுது. ஸ்ப்ளைசிங் அங்கேயும் நிக்குதா?

தக்கலை_ஆர்என்ஏ:
வைல்டு டைப்பிலும் வருதுன்னா முதல்ல டிஎன்ஏ கலப்பைச் சந்தேகப்படுங்க. ஜீனோமிலும் இன்ட்ரான் அப்படியே இருக்கிறதால அதுவும் 509-ல்தான் ஓடும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் என்சைம்) சேர்க்காத குழாய் ஒண்ணு கட்டாயம் வேணும். அதிலும் பேண்ட் வந்தா காரணம் டிஎன்ஏதான்.

ஆர்என்ஏ பிரிக்க எந்த ஃபீனால்? பிஎச் 8 ஃபீனால்னா டிஎன்ஏ நீர் அடுக்கிலேயே தங்கிடும். பிஎச் 4.5 பக்கத்து அமில ஃபீனாலை 65 டிகிரியில் பயன்படுத்துங்க. அதுக்கப்புறமும் 1 மைக்ரோகிராம் ஆர்என்ஏவுக்கு 1 யூனிட் டிஎன்ஏஸ் (டிஎன்ஏவை அழிக்கும் என்சைம்), அறை வெப்பத்தில் 15 நிமிஷம். பிறகு ஈடிடிஏ (மெக்னீசியத்தைப் பிடிச்சு வைக்கிற பொருள்) 2.5 மில்லிமோலார் வர்ற மாதிரி சேர்த்துட்டுத்தான் 65 டிகிரியில் 10 நிமிஷம் சூடாக்கி டிஎன்ஏஸை நிறுத்தணும். ஈடிடிஏ இல்லாம சூடாக்கினா மெக்னீசியம் ஆர்என்ஏவையே உடைச்சிடும்.

குழித்துறை_செல்:
தக்கலை அண்ணாச்சி சொன்னதோட ஒண்ணு. குளிரூட்டி இல்லாத ஷேக்கர் அறை வெப்பத்துக்குக் கீழே போகாது. சித்திரையில் நம்ம பக்கம் 30 தாண்டும். "25"னு எழுதின கன்ட்ரோல் உண்மையில் அரைகுறையா முடங்கியிருக்கலாம். கல்ச்சர் குடுவைக்குள்ளேயே தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க.

35 சைக்கிள் ஓட்டிட்டு பேண்ட் விகிதத்தை நம்பாதீங்க. குட்டையான 200 எப்பவும் முந்தும். 22, 25 சைக்கிளில் எடுத்துப் பாருங்க. முதல் எக்ஸானில் 10 நியூக்ளியோடைடுதான் குறியீட்டுப் பகுதி, அதனால முன் பிரைமர் (நகலெடுப்பு தொடங்குற சின்ன டிஎன்ஏ துண்டு) அதுக்கு முந்தின மொழிபெயர்க்கப்படாத பகுதியில் உட்காரணும்.

நாகர்கோவில்_பயோ:
சரி அண்ணாச்சி. இதே பிரைமரை வச்சு பிஆர்பி16 (ஸ்ப்ளைசிங்கின் இன்னொரு புரதம்) மியூட்டன்ட்டையும் பார்க்கலாமா?

தக்கலை_ஆர்என்ஏ:
முடியாது. ஸ்ப்ளைசிங் இயந்திரத்தின் பாகமான யு2 ஆர்என்ஏ, இன்ட்ரானில் இருக்கிற யு-ஏ-சி-யு-ஏ-ஏ-சி வரிசையோட இணையும்போது கடைசி ஏ மட்டும் இணை இல்லாம வெளியே துருத்தும். அதோட 2' ஹைட்ராக்சில்தான் இன்ட்ரான் தொடக்கத்து ஜி-யைத் தாக்குது. பிஆர்பி2 இல்லாட்டி அந்த முதல் வெட்டே நடக்காது, முழு ஆர்என்ஏ தேங்கும். பிஆர்பி16 முடங்கினா முதல் வெட்டு முடிஞ்சிடும். முதல் எக்ஸான் தனியாவும், இன்ட்ரான் சுருக்குக் கயிறு மாதிரி வளைஞ்சு இரண்டாம் எக்ஸானோடவும் நிக்கும். முன் பிரைமரும் பின் பிரைமரும் அப்போ வேறவேற துண்டில் இருக்கிறதால பிசிஆருக்குத் தெரியாது. இரண்டாம் எக்ஸானில் பிரைமர் வச்சு பிரைமர் எக்ஸ்டென்ஷன் (ஒரே பிரைமரிலிருந்து ஆர்என்ஏவை நகலெடுத்துப் பார்க்கிறது) செய்ங்க; நகலெடுக்கிற என்சைம் அந்தக் கிளை ஏ-கிட்ட வந்து நின்னுடும், அந்த நிறுத்தம்தான் நீங்க தேடுற பேண்ட்.