பன்னிரண்டு நாள் லீவு, கையில் ஒரு ரெக்கார்டர்: எங்கே போகலாம்?

இரவுஷிப்ட்:

வணக்கம் நண்பர்களே. சென்னையில் ஒரு கம்பெனியில் சர்வர்களைக் கண்காணிக்கும் வேலை எனக்கு. ராத்திரி பத்து மணிக்கு உள்ளே போனால் காலை ஏழுக்குத்தான் வெளியே வருவேன். பகலில் தூங்கி எழுந்தால் மணி நாலாகிவிடும், அப்புறம் சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்துவிடுவேன். ரெண்டு வருஷமாக ஒலிப்பதிவுதான் எனக்கு எல்லாம். காப்ஸ்யூலை (மைக்கில் சத்தத்தை வாங்கும் பாகம்) மட்டும் ஆன்லைனில் வரவழைத்து, கேபிளும் கனெக்டரும் ரிச்சி தெருவில் வாங்கி, ஒரு ஜோடி மைக்கை நானே செய்தேன். காற்று இரைச்சலைத் தடுக்க அக்கா மகள் கொடுத்த கிழிந்த கரடி பொம்மையின் துணியை வெட்டித் தைத்து மாட்டியிருக்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது.

இதெல்லாம் ஏன் ஆரம்பித்தது என்றால், என் தாத்தா ஆரணியில் தறி நெய்தவர். குழித்தறி, தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வது. சின்ன வயதில் லீவுக்குப் போனால் காலையில் அந்தச் சத்தத்தில்தான் கண் விழிப்பேன், நாடா ஓடுவது, பலகை அடிப்பது, மேலே டிசைனுக்கான துளை போட்ட ஜக்கார்டு அட்டை புரள்வது. தாத்தா போன பிறகு தறியை விற்றுவிட்டார்கள். வீட்டில் கல்யாண வீடியோ இருக்கிறது, போட்டோ இருக்கிறது, அந்தச் சத்தம் ஒரு நொடி கூட யாரிடமும் இல்லை.

அதனால் பத்துப் பத்து நிமிஷமாக ஒரு ஒலித் தொடர் செய்ய வேண்டும் என்று ஆசை. பின்னணிப் பேச்சு கிடையாது, இசை சேர்ப்பது கிடையாது. ஒரு இடம் எப்படிக் கேட்கிறதோ அப்படியே. ஜனவரி 5 முதல் 16 வரை லீவு கிடைத்திருக்கிறது. வேடந்தாங்கல், பாம்பன் பாலம், நெல்லையப்பர் கோவிலும் சுசீந்திரமும் (தட்டினால் ஸ்வரம் எழுப்பும் இசைத்தூண்கள்), மேட்டுப்பாளையம் மலை ரயில், நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்யும் பட்டறை, இவ்வளவும் போட்டிருக்கிறேன். முடியுமா? போன மாசம் ஒரு திருவிழாவில் எடுத்த பறை முழுவதும் கிளிப் ஆகி, அதாவது சத்தம் அளவு மீறிக் கரகரத்து, பாழானது, அதுவும் மனதில் கிடக்கிறது. ரொம்பப் பெரிய சத்தத்தையும் தாங்கிப் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கினால் தீருமா?

காவிரிக்கரை:

தம்பி, நான் ஆடுதுறைக்காரன். நரசிங்கம்பேட்டை எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி, கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் ஆடுதுறையைத் தாண்டினால் வந்துவிடும். உங்கள் பட்டியலில் இந்த ஊருக்கு எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்? ஒரு நாள் என்றால் வர வேண்டாம் என்றே சொல்வேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கேமராவோடு வந்து அரை மணி நேரத்தில் திரும்பிப் போகிறவர்கள் அதிகம். வேலையை நிறுத்தி, சட்டையை மாற்றிக்கொண்டு, கேமராவுக்காகக் கடைவது போலக் காட்டுவார்கள். அது பட்டறையின் சத்தம் ஆகாது.

நாலு நாள் இருந்தால்தான் கதை வேறு. ஆச்சா மரத்தில்தான் செய்வார்கள், அதிலும் புது மரம் வெடித்துவிடும் என்பதால் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண் இவற்றைத் தேடி வாங்குவார்கள். அவ்வளவு காய்ந்த மரத்தில் உளி படும் சத்தமே தனி. கடைசல் ஒரு சத்தம், நீளமாக உள்ளே துளை போடுவது வேறு சத்தம். குழலில் மொத்தம் பன்னிரண்டு துளை, விரல் வைக்க ஏழு, மீதி ஐந்து சுருதி சரிபார்க்க, தேவைக்கு மெழுகு வைத்து அடைப்பார்கள். செய்து முடித்ததும் சீவாளியை (ஊதும் முனையில் செருகும் நாணல் துண்டு) வாயில் வைத்து நனைத்து முதல் தடவை ஊதிப் பார்ப்பார்கள் பாருங்கள், அந்த ஒரு நிமிஷத்துக்காகவே காத்திருக்கலாம். அது என்றைக்கு நடக்கும் என்று உங்கள் லீவைப் பார்த்து யாரும் முடிவு செய்ய மாட்டார்கள். சீவாளி செய்வது பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் திருவாவடுதுறை, ராஜரத்தினம் பிள்ளையின் ஊர்.

முதல் நாள் ரெக்கார்டரைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். டீ குடியுங்கள், பேசுங்கள், எதற்காக எடுக்கிறீர்கள், எங்கே போடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். வேலை நேரத்தை வாங்கினால் கூலி கொடுங்கள். பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாலேயே பட்டறைகள் மூட ஆரம்பித்துவிடும், அதற்குள் வாருங்கள்.

ஃப்ளோட்32:

கிளிப் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 32 பிட் ஃப்ளோட் உதவும், ஆனால் அது ரெக்கார்டருக்கு உள்ளே நடக்கும் கிளிப்பைத்தான் காப்பாற்றும். மைக் காப்ஸ்யூலே திணறினால் எந்த ரெக்கார்டரும் காப்பாற்றாது. நீங்களே செய்த மைக் என்றால் பெரும்பாலும் மெல்லிய சத்தத்துக்கான எலெக்ட்ரெட் காப்ஸ்யூலாக இருக்கும். பறவைக்கும் தறிக்கும் அருமையாக இருக்கும். பறைக்கு ஒரு கை தூரத்தில் நின்றாலோ நாகஸ்வரத்தின் அணைசுக்கு (அடியில் விரிந்திருக்கும் புனல் போன்ற பகுதி) நேராக வைத்தாலோ அவ்வளவுதான். அணைசிலிருந்து விலகி, பக்கவாட்டில் ரெண்டு மூணு மீட்டர் தள்ளி வையுங்கள். விரல் துளைகளிலிருந்தும் சத்தம் வருகிறது என்பதால் அங்கேதான் முழு உருவம் கிடைக்கும்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி. 32 பிட் ஃப்ளோட்டில் 96 போட்டால் 2.8 ஜிபி வரை போகும். நாள் முழுக்க ஓட விடப் போகிறீர்கள் என்றால் கார்டும் பவர் பேங்கும் கணக்குப் போட்டு எடுத்துப் போங்கள். ராத்திரி தங்கும் இடத்தில் ரெண்டு இடத்தில் காப்பி எடுக்காமல் தூங்கவே கூடாது. பட்டறையில் மோட்டார் ஓடினால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் அதன் மடங்குகளும் வரும், அதை எடிட்டிங்கில் துடைக்காதீர்கள் என்பது என் கருத்து. அதுவும் அந்த இடத்தின் சத்தம்தானே.

இரவுஷிப்ட்:

காவிரிக்கரை ஐயா, கோபம் எதற்கு, படித்ததும் பட்டியலைத் திறந்து நரசிங்கம்பேட்டைக்கு எதிரே இருந்த ‘அரை நாள்’ என்பதை முதலில் அழித்தேன். ஃப்ளோட்32, காப்ஸ்யூல் நீங்கள் சொன்ன வகைதான். இத்தனை நாள் ரெக்கார்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மலை ரயில் பற்றி யாராவது சொல்லுங்கள். கோவில்களில் ரெக்கார்டர் விடுவார்களா?

கல்லாறு:

மேட்டுப்பாளையம் எங்கள் ஊர். காலை 7.10க்குக் கிளம்பும் வண்டி. ஏறும்போது எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும், அதனால் சத்தம் வேண்டுமென்றால் கடைசிப் பெட்டியில் இடம் பிடியுங்கள். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரப் பாதை ஆரம்பம், குன்னூர் வரை. அங்கே எஞ்சினின் மூச்சு வேறு மாதிரி ஆகிவிடும், கண்ணை மூடிக்கொண்டே ஏற்றம் எங்கே கூடுகிறது என்று சொல்லலாம். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும், அப்போது இறங்கிக் கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள். குன்னூருக்கு மேலே டீசல் எஞ்சின், உங்களுக்கு வேண்டியது குன்னூரோடு முடிந்தது.

டிக்கெட் 60 நாளுக்கு முன்பே திறக்கும், பொங்கல் வாரத்தில் கேட்கவே வேண்டாம். மழைக்காலம் நீண்டால் மண்சரிவில் ரத்தாகவும் வாய்ப்பு உண்டு, அதனால் பயணம் முழுவதையும் இதை நம்பி அமைக்காதீர்கள்.

கோவில் விஷயம்: 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற உத்தரவு வந்ததிலிருந்து செல்போனே உள்ளே விடுவதில்லை. செயல் அலுவலரிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இசைத்தூண்களை விட்டுவிடுவது நல்லது, ஒவ்வொருவரும் தட்டித் தட்டித்தான் அவை தேய்ந்தன.

கூழைக்கடா:

வேடந்தாங்கல் சென்னையிலிருந்து காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் தூரம், அதற்கு லீவே வேண்டாம், ஒரு வார ஓய்வு நாள் போதும். ஜனவரியில் கூடுகளில் குஞ்சுகள் இருக்கும், ஏரிக்கரை முழுக்க ஒரே இரைச்சல். நத்தைகுத்தி நாரை வந்தால் கவனியுங்கள், அதற்குப் பெரிதாகக் குரல் கிடையாது, அலகைத்தான் தட்டும். பள்ளிப் பேருந்துகள் வருவதற்கு முன், கதவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள்.

ஆனால் நான் கேட்க நினைத்தது வேறு. உங்கள் முதல் பதிவை ரெண்டு தடவை படித்தேன். தாத்தாவின் தறிச் சத்தம் ஒரு நொடி கூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆறு இடம் போட்டிருக்கிறீர்கள், அதில் ஆரணி இல்லையே? அங்கே இன்னும் பட்டு நெய்கிறார்கள்தானே?

இரவுஷிப்ட்:

கூழைக்கடா, உங்கள் கேள்வியைப் பார்த்தபோது ஷிப்டில் இருந்தேன், ராத்திரி ரெண்டு மணி. அதற்கப்புறம் ரொம்ப நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தாத்தாவின் தறி போய்விட்டது என்றதும் எனக்கு ஆரணியே முடிந்துவிட்டது போல நினைத்துவிட்டேன்.

காலையில் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். அதே தெருவில் ரெண்டு வீட்டில் குழித்தறி ஓடுகிறதாம். ஒரு வீட்டில் நெய்கிற பாட்டி என் தாத்தாவோடு பாவு நீட்ட (நெய்வதற்கு நீள நூலை இழுத்துக் கட்ட) போனவர், ‘வரச் சொல்லு, ஆனா விடியக்காலைல வரணும், வெயில் ஏறினா நான் உக்கார மாட்டேன்’ என்றாராம்.

திட்டம் இப்போது இப்படி: 5 முதல் 8 வரை ஆரணி. 9 முதல் 12 வரை நரசிங்கம்பேட்டை, ஐயா சொன்னபடி முதல் நாள் ரெக்கார்டர் பையிலேயே இருக்கும். மலை ரயில் டிக்கெட் கிடைத்தால் கடைசியில். பாம்பனையும் தூண்களையும் பட்டியலிலிருந்து நீக்கியாயிற்று. பதிவு செய்ததை, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் ஃப்ளாக் (தரம் குறையாத ஒலி வடிவம்) கோப்பாகப் போட எண்ணம், பாட்டியும் பட்டறைக்காரர்களும் முதலில் கேட்டுச் சரி என்று சொன்ன பிறகு.

ஃப்ளோட்32, ஒரே ஒரு சந்தேகம். குழித்தறியில் மிதி குழிக்குள் இருக்கிறது, ஜக்கார்டு தலைக்கு மேலே. ஒரு மைக்கைக் குழிக்குள் இறக்கி இன்னொன்றைப் பாட்டியின் தோள் உயரத்தில் கட்டலாமா, இல்லை ரெண்டையும் நான் படுத்துத் தூங்கிய திண்ணையில் வைத்துவிடலாமா? எனக்கு ஞாபகம் இருக்கும் சத்தம் திண்ணையில் கேட்டதுதான்.